பூமயில் ஸ்டுடியோவைப் பூட்டியவன்

கமுதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருந்த பூமயில், கேமராவோடு கல்யாணப் பந்தலுக்குள் நுழைந்தால் ஆண்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். பொம்பளை என்னத்தைப் படம் பிடிப்பாள் என்று ஆரம்பத்தில் சிரித்தவர்களும், பின்னால் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் முகூர்த்தம் குறித்தார்கள்.

2008 ஆடியில், முளைப்பாரிப் பாட்டு ஏற்றித்தரச் சொல்லி ஒருவர் கொடுத்த பென் டிரைவைச் செருகினாள். மறுநாள் கம்ப்யூட்டரில் ஒரு படமும் திறக்கவில்லை. படங்களைப் பூட்டிவிட்டோம், டாலர் அனுப்பினால் சாவி தருவோம் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு மட்டும் நின்றது. நகலுக்கென்று கூடவே மாட்டி வைத்திருந்த இன்னொரு டிஸ்க்கும் பூட்டுண்டு கிடந்தது.

அன்றுதான் பிச்சையம்மாள் வந்து நின்றாள். புருஷன் கூத்தையா இறந்த வாரம். கேமராவைக் கண்டால் விலகிப்போகிற மனிதர். மகள் இராமலட்சுமி கல்யாணத்தில் பூமயில் எடுத்ததுதான் அவருடைய ஒரே படம். கருமாதிக்கு அதைப் பெரிதாக்கித் தரவேண்டும். பிச்சையம்மாள் வீட்டுக்குக் கொடுத்திருந்த கல்யாண சி.டி. மிளகாய்க் கொல்லையில் குருவி விரட்டத் தொங்கி, வெயிலில் வெந்துபோயிருந்தது.

ராமநாதபுரத்திலிருந்து வந்து பார்த்த மெக்கானிக் பாக்கர் கையை விரித்தார். "பணம் அனுப்பினாலும் சாவி தருவான்னு என்ன நிச்சயம்?"

"களவாணிப் பயலுக்குச் சல்லிக்காசு கிடையாதுண்ணே" என்றாள் பூமயில்.

யோசித்தபோதுதான் தாய்மாமன்கள் நினைவுக்கு வந்தார்கள். எங்களுக்கு மரியாதை இல்லையா என்று ஒரு மாமன் சண்டை போட்ட நாளிலிருந்து, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் மாமன் வீட்டுக்குத் தனியாக ஒரு சி.டி. கொடுத்து வந்தாள். உடனே சாயல்குடிக்குப் பஸ் ஏறினாள். பிச்சையம்மாளின் அண்ணன் தவசி, பீரோவில் பட்டுச்சேலைக்கு நடுவிலிருந்து அதை எடுத்தார்.

"எம் மச்சான் மூஞ்சியப் பூட்ட எவனோ வெளிநாட்டுக்காரன் வந்துட்டானாக்கும்? பெருசாப் போடு தாயி."

பாக்கர் கம்ப்யூட்டரை முழுக்க அழித்துச் சுத்தமாக்கிய பிறகு சி.டி.யைப் போட்டார்கள். எல்லாப் படங்களும் திறந்தன. சேதி பரவ, மாரியூரிலிருந்தெல்லாம் மாமன்மார் துண்டில் சுற்றிய சி.டி.யோடு வந்து இறங்கினார்கள். நாங்க இல்லாம எந்தக் காரியம் நடக்கும் என்று மீசையை முறுக்கியவர்களுக்கு அவள் காப்பி வாங்கிக் கொடுத்து மாளவில்லை. அன்று முதல் நகல் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றித் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். மற்ற ஸ்டுடியோக்காரர்களும் அதையே பழகிக்கொண்டார்கள்.

கருமாதியன்று பூமாலை போட்ட படத்திலிருந்து கூத்தையா பல் தெரியச் சிரித்தார்.

"வீட்டுல இம்புட்டுச் சிரிச்சதில்லையே இந்த மனுசன்" என்றாள் பிச்சையம்மாள், படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தபடி.

பூமயில் பந்தியில் உட்கார்ந்து, இரண்டாம் தடவையும் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.