பியூரிட்டன்களும் அம்மாவும்

திருப்பதியில் நான் பார்க்கும் வேலையை ஊரில் ஒருத்தருக்கும் விளக்க முடிந்ததில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் நடத்தும் பாடங்கள் வீடியோவாக வரும். பேசுவது கீழே எழுத்தாக ஓடும் அல்லவா, அதைத் திருத்துவதுதான் என் வேலை. கம்ப்யூட்டர் தப்பாகக் கேட்டதை நான் சரியாகக் கேட்க வேண்டும். "ஏதோ டைப் அடிக்கிறான்" என்று அம்மா எங்கள் ஊர் புத்தலப்பட்டில் சொல்லி வைத்திருந்தாள். அது போதும்.

நைனா என்று நான் கூப்பிட்ட அப்பா இறந்த பிறகு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அழவுமில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்றுகூடத் தெரியாமல் தின்றுவிட்டு வேலைக்குப் போனேன். அந்த வருஷத்தில்தான் பியூரிட்டன்கள் என் ஹெட்போனுக்குள் வந்தார்கள்.

இங்கிலாந்து தேவாலயத்தில் சுத்தம் போதவில்லை என்று கடல் தாண்டி அமெரிக்காவில் குடியேறிய கூட்டம். கிறிஸ்துமஸ்கூடக் கொண்டாடாத ஆட்கள். யாரைக் காப்பாற்றுவது என்று கடவுள் எப்போதோ முடிவு செய்துவிட்டார், அதை மாற்ற முடியாது, யார் என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்ளவும் முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் தினமும் அடையாளம் தேடினார்கள். சபையில் சேர வேண்டுமென்றால் எல்லார் முன்னாலும், கடவுள் தன்னைத் தொட்ட கதையைச் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் நம்பினால்தான் உள்ளே. அவர்கள் காலம் முடிந்தும் அந்த நினைப்பு அங்கே போகவில்லை என்றார் பாடம் நடத்திய அம்மாள். இன்றைக்கும் முன்னேறினவன் நல்லவனாம், கஷ்டப்படுகிறவன் ஏதோ தப்பு செய்தவனாம். லீவு எடுக்கவே கூச்சப்படுகிறார்களாம்.

அட, இது எங்கள் பெரியம்மா பேச்சாயிற்றே!

பெரியம்மா நைனாவின் அண்ணன் மனைவி. வருஷா வருஷம் திருமலைக்குப் போவாள். பெருமாள் கூப்பிட்டால்தான் மலை ஏற முடியும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும்தான் சொல்வார்கள். அவள் அதோடு நிறுத்த மாட்டாள். "எங்க போர்ல தண்ணி வந்திச்சு, மெத்த வூடு கட்னோம். அவன் எங்கள பாத்துக்கினு கீறான். உன்ன இன்னும் கூப்பிடல, அவ்ளோதான்" என்பாள் அம்மாவிடம்.

பஸ் ஏறினால் மலை. அம்மா ஒருமுறைகூடப் போனதில்லை. ஒரு தடவை பந்த், ஒரு தடவை எனக்கு அம்மை. அப்புறம் நைனா போனார். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது. தன்னை அவன் வேண்டாமென்று ஒதுக்கி வைத்திருக்கிறான் என்றே அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தப் பெரியம்மா மேல் எரிச்சல் எரிச்சலாக வரும்.

வருஷம் முடிந்ததும் தரிசன டிக்கெட் போட்டேன். பெரியம்மா அப்போது படுத்த படுக்கை. "போய்ட்டு வந்து எங்கிட்ட சொல்லு, பாக்கலாம்" என்றாளாம். படுத்தும் வாய் அடங்கவில்லை.

திருப்பதி பஸ் நிலையத்தில், மலைக்குப் போகும் பஸ் பக்கத்தில் நிற்கும்போது எனக்குப் போன் வந்தது. பெரியம்மா மகன். "அம்மா பூட்ச்சிடா" என்றான்.

பங்காளி வீட்டுச் சாவு, எங்களுக்கும் தீட்டு. மலை ஏற முடியாது. ஆனால் சேதி காதில் விழுந்த பிறகுதான் தீட்டு என்பது எங்கள் வழக்கம். என் காதில் விழுந்துவிட்டது. அம்மா காதில் இன்னும் விழவில்லை. அப்போதும் எனக்குத் துக்கமாக ஒன்றும் தோன்றவில்லை. என் தீட்டு அவளுக்கு ஒட்டக்கூடாதென்று, கையிலிருந்த பையை அவளிடம் நீட்டாமல் தரையில் வைத்தேன்.

அம்மா பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"சொல்லாத."

"யம்மா..."

"எங்காதுல எதுவும் போடாதடா. இன்னிக்கு அவன் கூப்ட்டுக்கினு கீறான்."

பையை எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினாள். நான் கேட்ட பியூரிட்டன் பாடத்தில் இப்படி ஒருத்தி இல்லை. பகல் முழுக்கக் கீழேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. "பாத்தேன்டா. பிடிச்சு தள்ளிவுட்டாங்க, ஆனா பாத்துட்டேன்" என்றாள். பெஞ்சில் என்னைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கினாள்.

"இப்போ சொல்லு. யாரு?"

"பெரியம்மா."

இப்போது இரண்டு பேருக்கும் தீட்டுதான். நான் நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய லட்டு ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவளுக்குன்னு தனியா வாங்கினேன். என்னயும் கூப்ட்டான் பாருடின்னு காட்டலாம்னு." காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றினாள். "பாவி, சாயங்காலம் வரிக்கும் இருக்கக் கூடாதா? இனிமே நான் யாருகிட்டடா போய்ச் சொல்லுவேன்?"