முக்கால் ஏக்கருக்கு இரண்டு சாட்சி

காலை ஒன்பதரை மணி. கள்ளக்குறிச்சி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, என் கொட்டகையில் மூன்று பேர். சொத்தை எழுதி வாங்கப்போகிற பச்சையம்மாள் மட்டும் உட்காரவில்லை. பத்திரம் எழுதும் தொழிலில் நான் பார்த்தவரை, கொடுக்கிறவர் நிம்மதியாக உட்காருவார், வாங்குகிறவருக்குத்தான் இருப்புக்கொள்ளாது. வீட்டில் ஒரு பத்திரமும் இரண்டு வாரிசுகளும் உள்ள எல்லோருக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். அது 1987. இடஒதுக்கீட்டுப் போராட்டம் எந்த நாளில் ரோட்டுக்கு வரும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

என்ன உறவு?

கச்சிராயபாளையம் ஆறுமுகத்துக்கு எழுபது வயது இருக்கும். மனைவி அஞ்சலை. மகன் வேலு பிறந்த பிறகு அஞ்சலை நெடுநாள் படுக்கையில் கிடந்தார். கவனிக்க வந்த தங்கை பச்சையம்மாளுக்கும் ஆறுமுகமே கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். முப்பது வருஷம் மூவரும் ஒரே வீடு. வேலுவைத் தூக்கி வளர்த்ததும் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சியதும் பச்சையம்மாள்தான். ஆனால் முதல் மனைவி இருக்கும்போது கட்டிய தாலி சட்டத்தில் செல்லாது. ஆறுமுகம் எழுதி வைக்காமல் கண்ணை மூடினால் அந்த அம்மாளுக்கு ஒரு சாண் நிலம்கூட இல்லை. அதனால், தான் சம்பாதித்து வாங்கிய நிலத்தில் முக்கால் ஏக்கரையும் அதிலிருந்த ஓட்டு வீட்டையும் அவருக்கு எழுதிவைக்க வந்திருந்தார். மிச்சம் இரண்டு ஏக்கர் மகனுக்கு.

விலை இல்லாமல் உறவுக்கு எழுதிக்கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரத்தில் வாங்குகிறவர் என்ன உறவு என்று எழுத வேண்டும். மனைவி என்று எழுதினால் நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். அஞ்சலைதான் வாயைத் திறந்தார்: "என் தங்கச்சின்னு எழுதுங்க ரைட்டரே. அதுல யாரும் குத்தம் சொல்ல முடியாது."

மூலப்பத்திரம்

நிலம் வாங்கிய மூலப்பத்திரம் டவுனில் குடியிருந்த வேலுவிடம் இருந்தது. கேட்டு ஆள் அனுப்பினோம். பத்திரம் வரவில்லை, வேலு வந்தார். அப்பாவோடு பேசவில்லை, இரண்டு அம்மாக்களோடும் பேசவில்லை. நேரே என்னிடம் வந்தார். கோபமாகக்கூட இல்லை, மனசு புண்பட்டவர் மாதிரித்தான் இருந்தார். "சின்னம்மாவுக்குச் சோறு போட மாட்டேன்னா சொன்னேன்? சோத்துக்கு இன்னாத்துக்கு சார் பத்திரம்?"

பதினொரு பலா

வேலு மூலப்பத்திரத்தைத் தரவில்லை. அதன் நகலுக்குப் பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அந்த நாட்களில் கரியாலூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர் மலை இறங்கி வந்தார். பிள்ளைகளுக்குப் பாகம் எழுத வேண்டுமாம். பட்டா எண் கேட்டேன். அப்படி எதுவும் இல்லை என்றார். கல்வராயன் மலையில் அப்போது பலருக்குப் பட்டா கிடையாது. தலைமுறையாக உழுது சாமை விதைத்தாலும் காகிதத்தில் நிலம் அரசாங்கத்துடையது. அதை எழுத வழியில்லை என்றேன். அவர் அசரவில்லை: "நெலம் சர்க்காருதாவே இருக்கட்டும் சாமி. பலாமரம் பதினொண்ணும் எங்கப்பன் வெச்சது. அத மூணு பசங்களுக்கும் பிரிச்சி எழுதிக் குடு."

மரத்துக்கு அந்தப் பக்கம்

நகல் கைக்கு வந்த வாரத்தில் இடஒதுக்கீட்டு மறியல் தொடங்கியது. புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். பஸ் நின்றது. ஆறுமுகத்துக்கு மூச்சு இழுக்கிறது, உடனே வாருங்கள் என்று அஞ்சலை சொல்லியனுப்பினார். படுக்கையில் இருப்பவருக்குச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வழி உண்டு. ஆனால் ஜீப் போக ரோடு வேண்டுமே. பதியாமலே செல்லுபடியாவது உயில் ஒன்றுதான். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சிகளும் போதும். சைக்கிளை எடுத்தேன். மூன்று இடத்தில் மரம். மூன்றாவது மரத்தில் மறியல்காரர்களே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள்.

ஆறுமுகத்துக்கு நினைவு தெளிவாக இருந்தது. முக்கால் ஏக்கரும் வீடும் பச்சையம்மாளுக்கு என்று எழுதி வாசித்துக் காட்டினேன். சாட்சிக்குத்தான் ஆள் இல்லை. வேலுவின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று அக்கம்பக்கத்தார் ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள். வேறு வழியில்லாமல் மூன்றாவது மரத்தருகே நின்ற மறியல்காரர்களிடமே திரும்பிப் போனேன். கரும்பு வெட்டு மேஸ்திரி ராஜேந்திரனும் இன்னொருவரும் வந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே ஆறுமுகம் கையெழுத்துப் போட்டார், அவர் முன்னால் அவர்களும் சாட்சியாகப் போட்டார்கள். பிறகு அவர்களிடம் பெயர், தகப்பனார் பெயர், தெரு, ஊர் கேட்டேன். ராஜேந்திரன் சிரித்துவிட்டார்: "போலீசு கேட்டாலே நாங்க பேரச் சொல்றதில்ல சார். நீங்க வெலாசத்தோட கேக்குறீங்க!"

சாட்சி மலையேறினார்

நான்காம் நாள் ஆறுமுகம் இறந்தார். காரியம் முடிந்த கையோடு, உயில் பொய் என்று வேலு கோர்ட்டுக்குப் போனார். எழுதிய நான் சொன்னால் போதாது. கையெழுத்திட்ட சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏற வேண்டும். ஒருவர் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விட்டார், அங்கே விலாசம் கிடையாது. ராஜேந்திரன் மீது மறியல் வழக்கு. பிடிவாரண்டுக்குப் பயந்து மலையில் எங்கோ இருந்தார்.

அஞ்சலை மலை பஸ்ஸில் மூன்று முறை போனார். வழக்குப் போட்டது அவர் பெற்ற மகன் என்பதை நினைவில் வையுங்கள். மூன்றாம் முறை ஆள் அகப்பட்டார். வந்தால் கோர்ட் வாசலிலேயே போலீஸ் பிடித்துக்கொள்ளுமே என்றாராம் ராஜேந்திரன். அதற்குத் தான் சொன்ன பதிலை அஞ்சலை என்னிடம் அப்படியே ஒப்பித்தார்: "புடிச்சா நான் சோறு எடுத்தாறன். நீ வந்து உண்மையச் சொல்லு."

கூண்டில்

வந்தார். மரம் வெட்டிப் போட்ட ஆள்தானே நீ என்று வேலுவின் வக்கீல் மடக்கினார். "ஆமாங்க. அதனாலதான் அன்னிக்கு ஊர்ல இருந்தேன்" என்றார் ராஜேந்திரன். சொல்லிவிட்டு வெளியே வந்தவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டது. அஞ்சலை சொன்னபடியே கிளைச் சிறைக்குத் தூக்குப்பாத்திரத்தோடு நடந்தார். தீர்ப்பு பச்சையம்மாள் பக்கம் வந்தது.

கொஞ்ச நாள் கழித்துப் பச்சையம்மாள் தனியாக வந்தார். தனக்கும் ஒரு உயில் வேண்டும் என்றார். யாருக்கு என்று கேட்டேன்.

"வேலுவுக்குத்தான். எனக்கு வேற யாரு கீறாங்க?"

அவரிடம் சொல்லிவிட்டால் சண்டை தீர்ந்துவிடுமே என்றேன்.

"சொல்லாதீங்க ரைட்டரே. தெரிஞ்சா நான் எப்ப சாவன்னு பாத்துகினே இருப்பான்."

1991 ஆவணி மாதம் அந்த உயில் பதிவானது. அதே நிலத்துக்காக வேலு அப்போது அப்பீல் போட்டிருந்தார்.