ஒரே விலாசத்தில் இருபத்து நான்கு கதவுகள்

சனிக்கிழமை காலை 9.40. ஹட்டன் பஸ் நிலையத்தில் டயகம பஸ்ஸில் ஏறினேன். கட்டணம் இருநூற்று முப்பது ரூபாய். இருநூற்றைம்பது கொடுத்தேன்.

"மிச்சம் இருபது ரூபாய்," என்றேன் கொண்டக்டரிடம்.

"எறங்கும்போது தாரேன் ஐயா."

"மறந்து போவீர்."

"நீங்க மறக்கமாட்டீங்க போல இருக்கே!"

மறக்கவில்லை, இறங்கும்போது வாங்கிக்கொண்டேன். தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை வரை நூற்று எண்பத்தாறு வளைவுகள். அதற்குமேல் வயிறு எண்ண விடவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் முப்பத்தாறு வருடம் கணிதம் படிப்பித்து இளைப்பாறியவன். வயது எழுபத்து நான்கு. எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்து பல்கலைக்கழகத்தில் படிக்கும் கோகிலா, "லீவுக்கு எங்க தோட்டத்துக்கு வாங்க சேர், ரெண்டு நாள் குளிர்ல இருந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டிருந்தாள். நான் யோசிப்பதற்கு முன்பே என் மனைவி சம்மதித்து, பையையும் கட்டிவிட்டாள். அதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

பிற்பகல் 12.25. டயகமவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தொழிற்சாலை வாசலில் கோகிலா காத்திருந்தாள். அங்கிருந்து அவர்கள் வசிக்கும் லயத்துக்கு ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு அடிகள், அதில் நானூற்றுப் பத்து படிகள். மூன்று இடத்தில் நின்று இயற்கையை ரசித்தேன். மூச்சு வாங்கியதற்கும் ரசித்ததற்கும் சம்பந்தமில்லை.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த வீடுகள். முன்பக்கம் பன்னிரண்டு கதவு, பின்பக்கம் பன்னிரண்டு கதவு. கோகிலாவின் வீடு முன்பக்கத்தில் ஏழாவது. உள்ளே நுழைந்ததும் ஒரு புதிய பயணப் பை கண்ணில் பட்டது. பூட்டுப் போட்டிருந்தது.

"ஆர் பயணம்?" என்று கேட்டேன்.

கோகிலாவின் அம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பினார். கோகிலாதான் சொன்னாள். அவளுடைய அக்கா செல்வராணி, ஆசிரியர் பயிற்சிக்குக் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். நேர்முகத் தேர்வுக் கடிதம் தபாலில் வரவேண்டும். கூட விண்ணப்பித்த சிநேகிதிக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. இவளுக்கு வரவில்லை. அடுத்த வருடம் வயதெல்லை தாண்டிவிடும். ஆகவே திங்கட்கிழமை கொழும்பு ஆடைத் தொழிற்சாலைக்குப் புறப்படுகிறாள்.

"கல்லூரிக்கு போன் எடுத்துக் கேக்கிறதுதானே?"

"பதினோரு தடவ எடுத்தேன் சேர்," என்றாள் செல்வராணி. "யாரும் தூக்கல."

பதினோரு தடவை என்று எண்ணி வைத்திருந்தாள். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது.

"தபாற்காரன் வீட்டுக்குத்தானே கொண்டுவாறவன்?"

அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இங்கே வீட்டுக்கு இலக்கமில்லை. எல்லோருக்கும் தோட்டத்தின் பெயரே விலாசம். கடிதங்கள் கட்டாகத் தோட்டத்து ஒப்பீசுக்கு வரும். விடியற்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தைப் பெரட்டு என்கிறார்கள். அங்கே கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிட, கை நீட்டுபவர் வாங்கிக்கொள்வார். வேலைக்குப் போகாதவர்களின் கடிதம் யார் கையிலாவது வந்து சேரும். அரச கடிதம் ஏதாவது வந்ததா என்று கோகிலா ஒவ்வொரு வீடாகக் கேட்டுவிட்டாள். இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்களாம்.

மாலை 3.10. சாப்பாட்டுக்குப் பின் எனக்குப் பகல் நித்திரை கிடையாது. குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு லயத்தைச் சுற்றி வந்தேன். தண்ணீர்க் குழாய் இரண்டு, ஒன்றில் தண்ணீர். கூரைத் தகரத்தில் ஓட்டை, கண்ணுக்குத் தெரிந்தவை முப்பத்தொன்று. எழுதிக்கொண்டே நிமிர்ந்தேன். ஒன்பது பேர் நின்றார்கள்.

"வீட்டுத் திட்டத்துக்கு வந்திருக்கீங்களா ஐயா?"

"இல்லையப்பா. நான் கோகிலா வீட்டுக்கு வந்தனான்."

"வர்றவங்க எல்லாம் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க வீட்டுல பதினோரு பேருங்க, எழுதிக்கோங்க."

"ஏய், அதுல ரெண்டு பேரு கொழும்புல இருக்கானுங்க!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தீவாளிக்கு வருவானுங்கல்ல?"

என் மூக்குக் கண்ணாடி, சட்டைப் பையிலிருந்த பேனா, யாழ்ப்பாணப் பேச்சு, மூன்றும் சேர்ந்து எனக்கு உத்தியோகம் கொடுத்துவிட்டன. மறுக்க மறுக்க மரியாதை கூடியது. கதிரை வந்தது. இஞ்சித் தேத்தண்ணீர் நான்கு கோப்பை வந்தது. அவரவர் அடையாள அட்டையும் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் என் மடியில் வந்து குவிந்தன. கோகிலா தூணில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

4.35. பின்பக்க வரிசையில் கடைசிக் கதவு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் என்னை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து பிஸ்கட் தகரத்தை எடுத்தார்.

"நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியுங்க," என்றார் மெதுவாக. "மத்தவங்களுக்குத் தெரிஞ்சா கண்ணு பட்டுரும். அதான் யாருகிட்டயும் காட்டல."

'அரச பணி' என்று அச்சடித்த நீள உறை. பிரிக்கப்படவில்லை. எஸ். செல்வராணி என்று எழுதியிருந்தது.

"உங்கட பேரென்ன அம்மா?"

"செல்வராணிங்க. பெரட்டுல கூப்பிட்டுக் குடுத்தாங்க. புது வீடுதானேங்க?"

கோகிலா கேட்டபோது இல்லை என்று சொன்னதும் இவர்தான். வீடு கிடைத்த செய்தி என்று நம்பி, அதைக் கோகிலாவிடம் காட்டினால் அரைமணியில் லயம் முழுக்கத் தெரியும் என்று பயந்திருக்கிறார். வெளியாளான, உத்தியோகத்தரான எனக்காகக் காத்திருந்தார். உறையைப் பிரித்துப் படித்தேன். நேர்முகத் தேர்வு, ஞாயிறு காலை 8.30. அதாவது நாளை.

"இது வீடு இல்லையம்மா," என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று நான் எண்ணவில்லை.

பெரிய செல்வராணி தகரத்தை மூடினார். பிறகு கதவைத் திறந்து, லயமே கேட்கக் கத்தினார்: "அடியேய் சின்ன செல்வராணி! ஓடியாடி! ஒனக்குக் கடுதாசி!"

அந்த மாலை பயணப் பையின் பூட்டுத் திறந்தது. கொழும்புக்கு மடித்து வைத்திருந்த சேலையையே நேர்முகத் தேர்வுக்குத் தேய்த்தார்கள். சான்றிதழ்களை நான் இரண்டு முறை எண்ணினேன். பதினான்கு.

ஞாயிறு காலை 4.45. முதல் பஸ். செல்வராணி ஜன்னலோரம், கோகிலா நடுவில், நான் ஓரத்தில். என் குறிப்புப் புத்தகத்தில் இருபத்து நான்கு குடும்பத்தின் விபரம் இருந்தது. யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. இது பற்றி மாவட்ட அரசாங்க அதிபருக்கு எழுதவேண்டும், எழுதுவேன்.

வளைவுகளை எண்ணவில்லை. வேறு கணக்கு ஓடியது. எங்கள் வீட்டில் மூன்று பேர் அரச உத்தியோகம் பார்த்தோம். மூன்று நியமனக் கடிதங்களையும் தபாற்காரர் கேற்றடியில் மணி அடித்து, "மாஸ்டர், நல்ல செய்தி போல கிடக்கு" என்று கையில் தந்தார். எங்கள் கெட்டித்தனத்தால் கிடைத்த வேலைகள் என்றுதான் நேற்றுவரை நான் நினைத்திருந்தேன். கேற்றில் இருக்கும் இலக்கத்தை ஒருநாளும் கணக்கில் சேர்த்ததில்லை.

7.20. ஹட்டன். கல்லூரிக்கு முச்சக்கரவண்டி பிடித்தாயிற்று. எனக்குக் கண்டி பஸ். முடிவு தெரிந்ததும் முறையாக ஒரு வாழ்த்துக் கடிதம் போடுவது என் வழக்கம். புத்தகத்தைத் திறந்தேன்.

"பிள்ளை, விலாசத்தைச் சொல்லும்."

செல்வராணி தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். வண்டி புறப்பட்டது. நாலு அடி போனதும் தலையை வெளியே நீட்டினாள்.

"சேர்! ரெண்டு கடுதாசி போடுங்க. பெரிய செல்வராணி அக்காவுக்கும் ஒன்னு!"