இடப்பக்கத் தகரம்

பிள்ளைகளே, நம் குடும்பத்தில் ஒருவர் விமானம் கட்டினார் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். பாளையங்கோட்டையே அப்போது சிரிக்கத்தான் செய்தது.

என் சித்தப்பா நெல் அரைக்கும் ஆலையில் என்ஜின் மேஸ்திரி. சென்னைப் பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரர் பறந்து காட்டிய சேதியைப் பத்திரிகையில் படித்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூங்கில், வேட்டித் துணி, மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிளின் என்ஜின், இவற்றைக் கொண்டு எங்கள் புறவாசலில் ஒரு விமானத்தை உண்டாக்கிவிட்டார்.

பெட்ரோல் ஊற்ற, சிறகுக்கு ஒன்றாக இரண்டு தகர டப்பாக்கள். இரண்டின் குழாயும் நடுவில் சேர்ந்து என்ஜினுக்கு இறங்கும். ஒன்று முந்திக் காலியானால் மற்றப் பக்கம் கனத்து, விமானம் கவிழ்ந்துவிடும். அதனால் குழாய்களை நூல் பிடித்து ஒரே நீளமாக வெட்டினார். உள்ளே காற்றுப் போனால்தான் பெட்ரோல் வெளியே வரும் என்று, தகரங்களின் தலையில் ஆணியால் ஒவ்வொரு துளை போட்டார். பிறகு சோதித்துப் பார்க்கப் பெட்ரோலுக்குப் பதில் தண்ணீர் ஊற்றி, விமானத்தை வேப்பங்கிளையில் தொங்கவிட்டார். தண்ணீர் தீரும்வரை அது ஒரு பக்கமும் சாயவில்லை. சனிக்கிழமை, வற்றிய குளத்தில் வைத்துப் பறப்பதென்று முடிவாயிற்று.

சித்திக்கு அப்போது ஏழு மாதம். ஒருமுறைதான் கேட்டாள். "விழுந்துட்டீங்கன்னா இந்தப் பிள்ளைக்கு நான் யாரைக் காட்டுவேன்?"

"ஏன் விழுதேன்? ரெண்டு பக்கமும் சமமா எறங்குதுல்லா," என்றார் சித்தப்பா. அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். வலப்பக்கம் இறங்கியது, இடப்பக்கம் இறங்கவில்லை. விமானம் சரிந்தது. குழாயைக் கழற்றி ஊதினார், அடைப்பில்லை. துளை அவரே போட்டது, அதை அவர் சந்தேகிக்கவில்லை. அந்தச் சனி தள்ளிப்போனது, அடுத்த சனியும் போனது.

பக்கத்துக் கடை அண்ணாச்சி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்ன வே மேஸ்திரி, ஒம்ம பறவைக்கு வாதமா? ஒரு பக்கம் இழுத்துக்கிட்டுக் கெடக்கு."

ஒருநாள் மத்தியானம், தண்ணீரோடு தொங்கிய விமானத்துக்கு மேலே நான் கிளையில் உட்கார்ந்திருந்தேன். எறும்பு வரிசை ஒன்று கயிறு வழியாக இறங்கி இடப்பக்கத் தகரத்துக்குப் போனது. அங்கே துளையில் ஒரு கருப்பட்டித் துண்டு, பிசைந்து அமுக்கி வைத்திருந்தது.

"சித்தப்பா, இங்கன யாரோ கருப்பட்டி வச்சிருக்காங்க. நான் திங்கட்டா?"

சித்தப்பா முக்காலி போட்டு ஏறி, நகத்தால் அதைக் கிண்டி எடுத்தார். கீழே குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர் குதிப்பார் என்று பார்த்தேன். அவரோ அடுக்களைப் பக்கம் திரும்பினார். அங்கே அம்மிச் சத்தம் நின்றிருந்தது. சித்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தவில்லை.

எறும்புகளை ஊதித் தள்ளிவிட்டு, அந்தக் கருப்பட்டியைத் துளையிலேயே வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினார். "ஏலே, யார்ட்டயும் சொல்லாத."

சாயங்காலம் கடையில், "சரிப்பட்டு வரல, அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல எறங்க மாட்டேங்கு," என்றார். அண்ணாச்சி சிரித்த சிரிப்பை நின்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மூங்கிலைப் பிரித்தார்.

துளையை அடைத்தால் தண்ணீர் இறங்காது என்பதை அவர் மறந்துபோனார் என்றே நினைத்தேன். இரண்டு நாள் பொறுத்து, சமயம் பார்த்து, அதை அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். பாதியில் நிறுத்தாமல் முழுக்கக் கேட்டார்.

"அப்படியாலே," என்றார்.