கவுஸ் பாய்க்கு எதிராக ஒரு ஓட்டு

போன வாரம் கலசப்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில், என் பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பையன்கள் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கோ வெளிநாட்டில் ஒரு கூடைப்பந்து அணியாம். ஆடுகிறவர்களுக்கெல்லாம் இருபது வயது; கோச்சுக்கு எழுபது. "கெயவன் இன்னாடா சொல்லிக் குடுப்பான்?" என்றான் ஒருவன். கிட்டத்தட்ட இதே கேள்விக்கு நான் ஒருமுறை ஓட்டே போட்டிருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் கடைசி அது. ஜவ்வாது மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார். இருபத்து நான்கு வயது. தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றுமே இல்லாத வயது! மாசி பங்குனியில் அங்கே எதைத் தொட்டாலும் புளி வாசனை அடிக்கும். வகுப்பு வராந்தாவில்கூடப் புளியைக் காயப் போட்டிருப்பார்கள். அந்த வாசனையை நினைத்தால் கூடவே பதனிட்ட தோலின் வாசனையும் வந்துவிடுகிறது. அது கவுஸ் பாயின் பை வாசனை.

பாய் வாணியம்பாடிக்காரர். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்ந்தவர். சாயங்கால வேளைகளில் முப்பது வருஷமாக ஊர்ப் பையன்களுக்குக் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தவர். எங்கள் பள்ளிக்கு யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு கம்பமும் பலகையும் வாங்கித் தந்தார். தலைமை ஆசிரியர் ஒன்பது மலைப் பெண்களைச் சேர்த்து அணி ஒன்றை அமைத்தார். அதைக் கேள்விப்பட்டுப் பாய் தானாகவே வந்தார். சனிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி, கடைசி நாலு மைல் நடந்து வருவார்.

வந்தவர் முதல் மூன்று வாரம் பந்தையே கையில் கொடுக்கவில்லை. ஓடச் சொல்வார், விசில் ஊதினால் இரண்டு காலையும் ஒன்றாக ஊன்றி நிற்கச் சொல்வார். அவ்வளவுதான் பயிற்சி. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தப் பெண்கள் வெறுங்காலோடு ஓடுவதும் நிற்பதுமாக இருந்தார்கள். சாமைக் கொல்லையில் கிளி விரட்டுகிற வேகம் அவர்களுக்கு. பாய்க்கோ நாலடி ஓடினால் மூச்சு வாங்கும். நான் ஆசிரியர் அறையில் அவர் மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஊதிக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்தச் சமயத்தில்தான் பாஸ்கர் வந்தான். வேலூரில் கல்லூரி அணிக்கு ஆடியவன், துடிப்பான பையன். "நான் கத்துத் தர்றேன் சார்" என்றான். செங்கத்தில் போட்டி வைத்திருந்தார்கள். இரண்டு மாதம்தான் இருந்தது. யாரை வைத்துக்கொள்வது என்று தலைமை ஆசிரியர் எங்களைக் கூட்டினார்.

"பொண்ணுங்க அவரு பேச்சத்தான் கேக்குதுங்க" என்றார் தமிழ் டீச்சர்.

"கேட்டு இன்னா டீச்சர் பண்றது? ஓடிக் காட்ட முடியாதவரு ஓடற பொண்ணுங்களுக்கு இன்னா சொல்லிக் குடுப்பாரு?" என்றேன்.

இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. கடைசிக் கை என்னுடையது. பாஸ்கருக்காகத் தூக்கினேன். தூக்கிய கையோடு திரும்பினால், வாசலில் கவுஸ் பாய்.

"சாரு சொல்றது நெசந்தாங்க. என்னால ஓட முடியல" என்றார். பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் அணித் தலைவி காளியம்மா என்னிடம் வந்தாள். எட்டாவது படிக்கிற பெண். "பாய் சார இன்னாத்துக்கு சார் அனுப்பிட்டீங்க?" காரணத்தைச் சொன்னேன். "அவரு எதுக்கு சார் ஓடணும்? நாங்கதான் ஓடறோமே" என்றாள்.

பாஸ்கர் நன்றாகத்தான் கற்றுக்கொடுத்தான். தூரத்திலிருந்து கூடையில் போடும் வித்தையெல்லாம் இரண்டே மாதத்தில் பெண்களுக்கு வந்துவிட்டது. ஆனால் செங்கத்தில் கூட்டத்தைப் பார்த்ததும் மிரண்டுபோனார்கள். பந்து கைக்கு வந்ததும் அதை அணைத்துக்கொண்டு ஓடினார்கள். பந்தைத் தட்டாமல் ஓடுவது விதிப்படி தப்பு. நடுவர் விசில் மேல் விசிலாக ஊதினார். பாதி ஆட்டத்தில் பத்துப் புள்ளி பின்னால். பாஸ்கர் கத்தக் கத்த அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம், கூட்டத்தோடு கூட்டமாகக் கவுஸ் பாய். யாரும் அழைக்காமலே வந்திருக்கிறார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாஸ்கர் கவனித்துவிட்டான்.

"யார் சார் அது?"

சொன்னேன். அவன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கயிற்றைத் தாண்டிப் போய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தான். "எனக்குப் புரியலீங்க. நீங்க சொல்லுங்க."

பாய் அந்தப் பெண்களின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "பந்து வந்தா மொதல்ல நில்லுங்க கண்ணுங்களா. நின்னுட்டுப் பாருங்க. அப்புறம் குடுங்க. பந்து எங்கியும் ஓடிடாது." அவ்வளவுதான் சொன்னார்.

அதன்பின் விசில் சத்தம் அடங்கிவிட்டது. நின்றார்கள், பார்த்தார்கள், கொடுத்தார்கள். பத்து எட்டாகி, ஐந்தாகி, ஒன்றானது. கடைசியில் காளியம்மா எறிந்த பந்து வளையத்தில் சுற்றி வெளியே விழுந்தது. ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். செங்கத்துக் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது எங்களுக்குத்தான்.

பஸ் ஸ்டாண்டில் பாய் பக்கத்தில் போய் நின்றேன். அவரே பேசினார். "ஓடறதுக்கு அந்தத் தம்பி, நிக்கறதுக்கு நானு. ரெண்டு பேரையும் வெச்சுக்கினு இருக்கலாமே சார். ஓட்டு இன்னாத்துக்கு?"

அந்த வருஷப் பரீட்சை வரை சனிக்கிழமைகளில் இருவருமே வந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் களியும் கீரையும் தின்றுவிட்டு மலை இறங்குவார்கள். பிறகு பாஸ்கருக்கு வடக்கே வேலை கிடைத்தது. கோடை விடுமுறைக்கு வீடு போன பெண்களில் ஆறு பேர் திரும்பவில்லை. கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார்கள். காளியம்மா அதில் ஒருத்தி. மூன்று பேரை வைத்து என்ன ஆடுவது? அணி கலைந்தது. அடுத்த மழைக்காலத்தில் பாயும் கண்ணை மூடிவிட்டாரென்று கடிதம் வந்தது. எனக்கு மாற்றல் ஆயிற்று. இப்போது அங்கே கம்பமும் இல்லை, பலகையும் இல்லை.

ஒரு போட்டோகூட நாங்கள் எடுத்து வைக்கவில்லை. ஒன்பது பேரில் எட்டுப் பேரின் பெயரை இன்றும் சொல்லிவிடுவேன். ஒன்பதாவது பெண்ணின் முகம் இருக்கிறது, இடது கையால் பந்து போடுவாள், பெயர்தான் வரமாட்டேனென்கிறது. யாரிடம் போய்க் கேட்பேன்?