முள்ளு பாட்டில்

கண் நரம்பு காய்ந்துவிட்டது, இனி பார்வை வர வழியில்லை என்று டாக்டர்கள் சொன்னபோது என் நாத்தனாருக்கு முப்பத்தைந்து வயது. அதுவரை தையல் மிஷின் மிதித்துத் தனியாகப் பிழைத்தவள். விருத்தாசலத்தில் எங்களோடு வந்து சேர்ந்த மறுநாளே, "சமையலு என் பொறுப்பு அண்ணி, நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

என் வேலை எங்கள் மகளிர் குழுவின் வேலைதான். பாத்திரம் கழுவுகிற சோப்பு ஆயில், பினாயில், கக்கூஸ் கழுவுகிற ஆசிட், மூன்றையும் பாட்டிலில் அடைத்துக் கடைகளுக்குப் போடுவோம். மூன்றுக்கும் ஒரே பாட்டில், ஒரே மூடி. லேபிள் மட்டும் வேறு. வீட்டு நல்லெண்ணெய்கூட அப்படியொரு காலி பாட்டிலில்தான் இருந்தது.

ஒருநாள் காலையில் தோசைக்கல்லில் நுரை பொங்கியது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். எண்ணெய் என்று நினைத்துச் சோப்பு ஆயிலை ஊற்றியிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, மாவுக் கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"இனிமே அடுப்பாண்ட வராதேன்னு சொல்லப் போறீங்களா?"

"இல்ல. பாட்டிலத்தான் மாத்தணும்."

"ஆசிட்ட முதல்ல மாத்துங்க. அதை மூடி திறந்து மோந்து பாத்தா கண்டுபிடிக்க முடியும்?"

அந்த வாரக் குழுக் கூட்டத்துக்கு அவளையும் அழைத்துப் போனேன். பார்வையில்லாதவர்களின் புள்ளி எழுத்தை ஒட்டிவிடலாம் என்றாள் ஒருத்தி. "எனக்கு அந்த எழுத்து தெரியாதுங்க. பாதி வயசுல கண்ணு போனவங்கள்ல எத்தினி பேருக்குத் தெரியும்? தொட்டதும் புரியணும். ஆசிட்ட தொட்டா கை தானா பின்னாடி போவணும்" என்றாள் நாத்தனார்.

என் வீட்டுக்காரர் செராமிக் கம்பெனியில் பொம்மைக்கு அச்சு எடுக்கிறவர். அவர்தான் வழி சொன்னார். "பீங்கான்ல வில்லை செய்யலாம். ஆசிட் பட்டாலும் ஒண்ணும் ஆவாது. பாட்டில் கழுத்துல கட்டி வுட்டுடலாம்." ஆசிட்டுக்கு முள், பினாயிலுக்கு வரிவரியாகக் கோடு, சோப்பு ஆயிலுக்கு வழவழவென்று வட்டம். மூன்றையும் நாத்தனாரே களிமண்ணில் பிசைந்து காட்டினாள். அதைப் பார்த்து அவர் அச்சு எடுத்தார். முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, பொம்மைகளுக்கு நடுவில் இடம் கிடைத்த மூலையில் வைத்துச் சுட்டுக் கொண்டுவந்தார்.

பளபளவென்று அவ்வளவு அழகாக இருந்தன. நாத்தனார் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "எல்லாம் ஒண்ணாதான் இருக்குது." மேலே பூசிய மெருகு உருகி முள்ளையும் கோட்டையும் மூடிவிட்டிருந்தது. அடுத்த முறை மெருகில்லாமல் சுட்டார். முள் அவள் விரலைக் கிழித்தது. அதற்கடுத்ததை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அவள் கையில் சோப்பு நுரையை அள்ளிப் பூசிக்கொண்டு தொட்டாள். ஒவ்வொன்றாகச் சரியாகச் சொன்னாள். "கயிறு அவுந்து, வில்லை வேற பாட்டிலுக்குப் போயிட்டா?" என்று அவளே அடுத்த சந்தேகத்தையும் எழுப்பினாள். நைலான் கயிற்றை முடிந்து, நுனியை நெருப்பில் காட்டி உருக்கி ஒட்டினோம். வெட்டினால்தான் வரும்.

முதல் பெட்டியை எடுத்துக்கொண்டு இருவரும் மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறினோம். எங்களிடம் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் கடைக்காரர் வில்லையை ஆட்டிப் பார்த்தார். "பினாயிலுக்கு எதுக்கும்மா தாலி?" என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

நாத்தனார் அசரவில்லை. "பாய், கண்ண மூடிக்கிங்க. மூணையும் மாத்தி மாத்தி வைக்கச் சொல்றேன். ஆசிட் எதுன்னு எடுங்க பாக்கலாம்."

அவர் விளையாட்டாகத் தோள் துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார். நான் பாட்டில்களை இடம் மாற்றினேன். முதல் பாட்டிலின் கழுத்தைத் தொட்டவர், சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

"யா அல்லா, இதான்!"

கடை மொத்தமும் கைதட்டியது. அவர் துண்டை அவிழ்த்துவிட்டு, முள் வில்லையை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். "எங்க அம்மாவுக்குக் கண்ல புரை. வூட்டுல ராத்திரி கரண்ட்டு போனா, எதையாவது எடுத்துக் குடிச்சிடுவாங்களோன்னு பயந்துகிட்டே இருப்பேன்" என்றார். பெட்டியை அப்படியே உள்ளே வைக்கச் சொன்னார். இரண்டு பெண்கள் அங்கேயே ஆளுக்கொரு முள்ளு பாட்டில் வாங்கினார்கள். துபாயில் புருஷன் இருக்கிற ஒருத்தி, சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கும் இது நல்லது என்றாள். அது எங்களுக்கே தோன்றாதது.

பிறகு பெண்ணாடத்திலிருந்து ஒரு போன். பேசியவர் பஸ் ஸ்டாண்டு அருகே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார்; அவருக்கும் பார்வையில்லை. "அந்த முள்ளு பாட்டில் உங்களுதுங்களா? உப்பு, சக்கரை, மொளகாத்தூள் டப்பாவுக்கும் வில்லை வேணும். என் சம்சாரமும் என்ன மாதிரிதான்."

ரிசீவரை நாத்தனாரிடம் கொடுத்தேன். "மொளகாத்தூளுக்கு என்னா வடிவம் வேணும்னு நீங்களே சொல்லுங்க சார்" என்று ஆரம்பித்தவள், அரைமணி நேரம் பேசினாள். அதற்குள் புளிக்க வைத்திருந்த தோசைமாவு பொங்கி வழிந்தது. நான்தான் போய் எடுத்து வைத்தேன்.

சரக்கு தயாரானதும், "நானும் வரேன்" என்றேன்.

"எதுக்கு? பெண்ணாடம் பஸ்ஸுல ஏத்தி வுடுங்க, போதும். போயிட்டு வரேன்."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் அதில் என்ன என்று கேட்பது கீழே நின்ற எனக்குக் கேட்டது. அவள் ஒரு வில்லையை எடுத்து அவர் கையில் வைத்து, பஸ் கிளம்பும் சத்தத்தையும் மீறிக் கணீரென்று சொன்னாள்.

"நான் செஞ்சதுங்க. தொட்டுப் பாருங்க."