மறதி என்று நினைத்தது

எனக்கு மறதி வந்துவிட்டது என்று என் மனைவிதான் முதலில் சொன்னாள். காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கச் சொன்னால் வெறுங்கையோடு திரும்பினேன். மகள் வருவதாகச் சொன்ன நாளில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டேன். மனைவி பயந்துபோய் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள்.

டொக்டர் இளம் பெண். கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, முகத்தைத் திருப்பி மெதுவாக ஏதோ கேட்டாராம். நான் சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மறதியைப் பிறகு பாப்பம். முதல்ல காதைப் பாப்பம்" என்றார்.

சோதித்ததில் இரண்டு காதும் மந்தம் என்று தெரிந்தது. கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் இடையே இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டியவன் நான். எஞ்சின் பக்கத்திலேயே இரையும்.

"காது கேக்காட்டி சத்தத்தப் பிடிக்கவே மூளை களைச்சிரும் அங்கிள். பிறகு ஆக்களோட கதைக்கிறதையே விட்டுருவீங்க. அது ஞாபகத்தையும் பாதிக்கலாம் எண்டு இப்ப ஆராய்ச்சிகள் சொல்லுது. எல்லாருக்கும் அப்படி எண்டில்ல. காதுக்கு மெஷின் போட்டுப் பாருங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சொன்னது உண்மை. கூட்டாளிகள் என்னை விட்டு விலகுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு இரண்டு வருடமாக வீட்டோடு கிடந்தேன்.

மெஷின் போட்ட மறுநாள் கற்பிட்டி பஸ்ஸில் பயணியாக ஏறினேன். முன்பு காலை பஸ் முழுக்க வெங்காயத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள். பாதிப்பேர் என்னைப்போல் தொண்ணூறில், போர்க்காலத்தில், மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். விட்டுவந்த வீட்டையும் கிணற்றையும் பற்றிச் சளைக்காமல் கதைப்பார்கள். யாருக்கு நிச்சயம், யாருக்குப் பிள்ளை, எல்லாம் முதுகுக்குப் பின்னால் கேட்டே எனக்குத் தெரியும். என்னை 'நானா' என்று அண்ணன் முறையில் கூப்பிடுவார்கள். அந்தக் குரல்கள் எந்த வருடம் மங்கின என்பதுகூடத் தெரியாமல் ஓட்டியிருக்கிறேன்.

பாலாவியில் ஏறிய ஒருத்தி என்னை உற்றுப் பார்த்தாள்.

"பஸ் ஓட்டின நானாதானே? எங்கட கதையக் கேட்டுக் கண்ணாடியில சிரிப்பீங்களே!"

"ஓம், நான்தான்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கூட்டத்தில் யார் மவுத்தாகி அடக்கமானார், யார் ஊருக்குத் திரும்பினார் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு சொல்லும் தவறவில்லை. கண் கலங்கிவிட்டது.

இன்றும் சிலது மறக்கிறது. அதையும் கவனிப்போம் என்கிறார் டொக்டர். ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் கூட்டாளிகளோடு நின்று கதைக்கிறேன். அவர்கள் பழக்கதோஷத்தில் இன்னும் கத்துகிறார்கள்.